ஏஞ்சல் மீன் வாங்கப் போறீங்களா? கோய், பிளாக், வெயில்... பெயருக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு!

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு வண்ண மீன் கடைக்குள் போய், "ஏஞ்சல் இருக்காண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ஏஞ்சல்?" என்று ஒரு கேள்விதான் பதிலாக வரும். சில்வர், பிளாக், மார்பிள், கோல்டு, கோய், பிளாட்டினம், ஸீப்ரா, அல்பினோ. ஒவ்வொன்றிலும் சாதாரணத் துடுப்பு ஒன்று, புடவைத் தலைப்பு போல நீண்டு தொங்கும் 'வெயில்' துடுப்பு ஒன்று. ஒரு தொட்டியில் இருப்பதற்கும் பக்கத்துத் தொட்டியில் இருப்பதற்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம். வாங்க வந்தவருக்குத் தலை சுற்றும்.

இவை எல்லாம் தனித்தனி மீன் இனங்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடையாது. கடையில் இருக்கும் ஏஞ்சல்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இனம்தான். 'டெரோஃபில்லம் ஸ்கேலரே' என்பது அதன் அறிவியல் பெயர். டெரோஃபில்லம் என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'சிறகுள்ள இலை' என்று அர்த்தம். பெயர் வைத்தவருக்கு ரசனை இருந்திருக்கிறது. (கடலில் ஏஞ்சல் என்ற பெயரில் வேறு மீன்கள் உண்டு. அந்தக் குடும்பம் வேறு, இந்தக் குடும்பம் வேறு.)

சொந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான் நதியும் அதன் கிளைகளும். அங்கே மெதுவாக ஓடும் தண்ணீரில், மூழ்கிக் கிடக்கும் மரக்கிளைகளுக்கும் உயரமான செடிகளுக்கும் நடுவே வாழ்கிறது. உடம்பு தட்டையாக இருப்பது அந்த இடுக்குகளில் புகுந்து போகத்தான். வெள்ளி நிற உடம்பில் கண் வழியாக ஒரு கருப்புப் பட்டை, நடுவில் ஒன்று, வால் பக்கம் ஒன்று. செடித் தண்டுகளின் நிழலோடு அந்தப் பட்டைகள் கலந்துவிட்டால், பெரிய மீனின் கண்ணுக்கு இது தெரியாது. நம் வாய்க்காலில் கோரைக்கு நடுவே நிற்கும் கெண்டையைத் தேடிப் பாருங்கள், விஷயம் புரியும்.

அந்த வெள்ளி மீன்தான் கடைக்காரர் 'சில்வர்' என்று குறைந்த விலைக்குத் தருவது. மற்ற நிறங்கள் எல்லாம் தொட்டிகளில் பிறந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குப் போன மீன், அங்கிருந்து அமெரிக்கா, ஆசியா என்று பரவி, தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு பொரித்தது. அந்தக் குஞ்சுகளுக்கு நடுவே எப்போதாவது ஒன்று வித்தியாசமாகப் பிறக்கும். வளர்ப்பவர் அதைப் பிரித்து எடுத்து, தனியாக ஜோடி சேர்த்து, அந்த வித்தியாசத்தை நிலைநிறுத்துவார். இவ்வளவுதான் சங்கதி.

நெல்லில் நடந்ததுதான் மீனிலும்

டெல்டாக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. ஆத்தூர் கிச்சிலிச் சம்பா வயலில் தானாகவே மாறி முளைத்த ஒரு பயிரைக் கண்டெடுத்து, கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921ல் ஒரு ரகமாக வெளியிட்டது. அதுதான் ஜி.இ.பி.24. மெல்லிய அரிசிக்குப் பேர்போன ரகம். பின்னால் ஜப்பானின் நோரின் 10 நெல்லோடு அதைச் சேர்த்து, ஆடுதுறை நிலையம் 1960களில் கொடுத்ததுதான் ஏ.டி.டி.27. தஞ்சாவூர் ஜில்லாவே ஒரு காலத்தில் அதைக் கொண்டாடியது.

ஏஞ்சலிலும் அதே கதை. இயற்கை ஒரு சின்ன மாற்றத்தைத் தூக்கிப் போட்டது. மனிதர் அதைக் கவனித்தார், கலக்காமல் காப்பாற்றினார். விதை நெல் வயலில் இறங்கிக் கலவன் பிடுங்குகிறோமே, மீன் பண்ணையிலும் குஞ்சு பிரிக்கிறவர்கள் அதையேதான் செய்கிறார்கள். ஏஞ்சல்களில் இப்படிப் பெயர் சொல்லக்கூடிய மரபணு மாற்றங்கள் மொத்தமே இருபதுக்குள் அடங்கிவிடும். கடையில் பார்க்கும் ஐம்பது, அறுபது பெயர்களும் அந்தக் கொஞ்சத்தை மாற்றி மாற்றிச் சேர்த்ததில் வந்தவை. நாலு காய்கறியும் புளியும் பருப்பும் வைத்துக்கொண்டு நம் வீட்டில் எத்தனை குழம்பு வைக்கிறோம்!

இந்தக் கணக்கை வளர்ப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்தவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த டாக்டர் ஜோன் நார்ட்டன். 1980களில் ஒரு மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். எதை எதோடு சேர்த்தால் என்ன பிறக்கும் என்று, ஜோடி ஜோடியாக வளர்த்து, குஞ்சுகளை எண்ணிப் பார்த்து எழுதினார். இன்றைக்கு உலகம் முழுக்க ஏஞ்சல் வளர்ப்பவர்கள் பேசும் மொழி பெரும்பாலும் அவர் போட்டுத் தந்த பாதையில்தான் போகிறது.

அந்தக் கணக்கு எளிமையானது. ஒவ்வொரு குணத்துக்கும் மீனிடம் இரண்டு பங்கு இருக்கும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. சில குணங்கள் ஒரு பங்கு இருந்தாலே வெளியே தெரியும். சில, இரண்டு பங்கும் சேர்ந்தால்தான் தெரியும். அதுவரை உள்ளே ஒளிந்திருக்கும். பாட்டியின் ஜாடை மகளை விட்டுவிட்டுப் பேத்தியிடம் வந்து நிற்கிறதே, அப்படி.

தங்கமும் வெள்ளியும் சேர்ந்தால் வெள்ளி!

'கோல்டு' ஏஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒளிந்திருக்கும் வகை. ஆசைப்பட்டு ஒரு கோல்டு வாங்குகிறீர்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கலப்பில்லாத சில்வரோடு அது ஜோடி சேர்கிறது. முட்டை, குஞ்சு எல்லாம் நன்றாக வருகின்றன. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், 300 குஞ்சும் சில்வர். "கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்று தோன்றும். அவர் ஏமாற்றவில்லை. அந்த 300 பேரிடமும் தங்கம் ஒரு பங்கு உள்ளே இருக்கிறது. அவற்றில் ஒன்றை மறுபடி ஒரு கோல்டோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி கோல்டு பிறக்கும்.

பிளாட்டினத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. அந்தப் பால் வெள்ளை நிறத்துக்குத் தங்கம் இரண்டு பங்கு வேண்டும், 'பிலிப்பைன் புளூ' என்ற இன்னொரு குணமும் இரண்டு பங்கு வேண்டும். பிளாட்டினத்தைச் சில்வரோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் ஒன்றுகூட பிளாட்டினம் இருக்காது. அந்தக் குஞ்சுகளையே தங்களுக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் 16ல் ஒன்றுதான் தேறும். விலை ஏன் அவ்வளவு என்று இப்போது புரிகிறதா? (பிளாட்டினத்தையும் அல்பினோவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கண்ணைப் பாருங்கள். அல்பினோவின் கண்மணி இளஞ்சிவப்பாக இருக்கும்.)

கருப்பு வேறு ரகம். கருப்புக் குணம் ஒரு பங்கு இருந்தாலே தெரியும். அந்த மீனை 'பிளாக் லேஸ்' என்பார்கள். பட்டைகள் மங்கலாகத் தெரிய, துடுப்பில் சல்லாத்துணி போலக் கருப்பு வேலைப்பாடு. என் கண்ணுக்கு முழுக் கருப்பைவிட இதுதான் அழகு. இரண்டு பங்கு சேர்ந்தால் தலை முதல் வால் வரை மை பூசியது போல முழுக் கருப்பு. ஆனால் அதில் ஒரு குறை. இரட்டைப் பங்கு கருப்புக் குஞ்சுகள் மெதுவாக வளரும், நிறைய செத்தும் போகும். அனுபவப்பட்ட வளர்ப்பாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கருப்பைக் கோல்டோடு சேர்ப்பார்கள். பிறப்பது எல்லாம் கருப்பு! தங்கமும் கருப்பும் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள். இரண்டும் ஒரே மீனில் சந்தித்தால் கருப்புக்குத்தான் கை ஓங்கும். இந்தக் கருப்புக் குஞ்சுகள் இரட்டைப் பங்கு கருப்பைவிடத் திடமானவை.

இப்போது எல்லோரும் கேட்பது கோய். ஜப்பானியக் கோய் கெண்டையைப் போல வெள்ளை உடம்பு, கருப்புத் திட்டு, தலை உச்சியில் குங்குமம் வைத்தது போல ஆரஞ்சு. 'கோல்டு மார்பிள்' குணத்தோடு, பட்டைகளை அழிக்கும் 'ஸ்ட்ரைப்லெஸ்' குணம் இரண்டு பங்கு சேர்ந்தால் கோய். பட்டையை அழிக்கும் அந்தக் குணம் இன்னொரு வேடிக்கையும் செய்யும். குஞ்சுப் பருவத்தில் செவுள் மூடியின் பளபளப்பு போய்விடுவதால், உள்ளே இருக்கும் சிவந்த செவுள் வெளியே தெரியும். கன்னம் சிவந்து வெட்கப்படுவது போல இருக்கும். வளர வளர அது மறைந்துவிடும். நோய் என்று பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

கோய் வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரு கோயின் திட்டுப் போல இன்னொன்றுக்கு இருக்காது. அந்த ஆரஞ்சும் நிரந்தரம் இல்லை. தண்ணீர் கெட்டாலோ, மீன் பயந்தாலோ மங்கும். ஸ்பைருலினா, இறால் தூள் கலந்த தீவனம் கிடைத்தால் மெருகேறும். கடையின் பளீர் விளக்கில் பார்த்ததை அப்படியே வீட்டில் எதிர்பார்க்க முடியாது. பட்டுப்புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்பீர்களே, அந்தப் புத்தி இங்கேயும் வேண்டும்.

நீளத் துடுப்புக்கு மீன் கொடுக்கும் விலை

நிறத்தைவிட முக்கியமான விஷயம் துடுப்பு. நான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவே விரும்புகிறேன். நிறம் மாறினால் பெரும்பாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. துடுப்பு மாறினால் அது நீந்துவதே மாறிவிடுகிறது.

நீளத் துடுப்புக் குணம் ஒரு பங்கு இருந்தால் 'வெயில்'. வாலும் முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் நீண்டு, திரும்பும்போது ஓர் அசைவு தெரியும். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். மீனும் சமாளித்துக்கொள்ளும். இரண்டு பங்கு சேர்ந்தால் 'சூப்பர் வெயில்'. அங்கேதான் பிரச்னை. துடுப்பு தன் எடையைத் தானே தாங்காமல் மடங்கும், நுனி கிழியும், கிழிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். தீவனம் போட்டால் மற்ற மீன்கள் பாய்ந்து வரும். இது பாரம் இழுக்கிற மாட்டைப் போல மெதுவாக வந்து சேரும்போது ஒன்றும் மிச்சம் இருக்காது. சில கடைகளில் இதுதான் 'ஸ்பெஷல்' என்று கூடுதல் விலைக்கு வருகிறது.

வீட்டில் குஞ்சு பொரிக்க நினைப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. வெயிலையும் வெயிலையும் சேர்க்கிறீர்கள், 400 குஞ்சு என்று வையுங்கள். சராசரியாக 100 சூப்பர் வெயில், 200 வெயில், 100 சாதாரணம். அதே வெயிலைச் சாதாரணத் துடுப்பு மீனோடு சேர்த்தால்? 200 வெயில், 200 சாதாரணம். வெயில் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை. நீந்தத் திணறும் 100 மீன் பிறக்காமல் போயிற்று, அந்த இடத்தில் ஓடியாடும் 100 மீன் வந்தது. "ரெண்டும் வெயிலா இருந்தாத்தான் குஞ்சு நல்லா வரும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வெயில் ஏஞ்சலோடு டைகர் பார்ப் மீனை மட்டும் விட்டுவிடாதீர்கள். துடுப்பைக் கடித்துக் கடித்து ஒரு வாரத்தில் கந்தலாக்கிவிடும். பதிலுக்கு, வளர்ந்த ஏஞ்சலோடு நியான் டெட்ரா போன்ற பொடி மீன்களையும் விடாதீர்கள். ஏஞ்சல் பார்க்கத்தான் சாது, வாய்க்கு அடங்குவதை விழுங்கிவிடும்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

பெயரைக் கேட்பதற்கு முன் உடம்பைப் பாருங்கள். வயிற்றுக்குக் கீழே மீசை போலத் தொங்கும் இரண்டு இழைகளும் நேராக இருக்க வேண்டும். வளைந்தோ முறிந்தோ இருந்தால், குஞ்சாக இருந்தபோது நெரிசலிலும் அழுக்குத் தண்ணீரிலும் வளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். உடம்புக்குப் பொருத்தமில்லாமல் கண் பெரிதாக இருந்தால், அது வளர்ச்சி நின்ற மீன். குட்டி என்று நினைத்து வாங்குவீர்கள், வயது ஆகியிருக்கும். செவுள் மூடி முழுசாக இருக்கிறதா? நெற்றி வற்றிப் போயிருக்கிறதா? இவ்வளவும் பார்த்த பிறகு நிறத்துக்கு வரலாம்.

தொட்டியின் நீளத்தைவிட இந்த மீனுக்கு உயரம் முக்கியம். குறைந்தது 18 அங்குல உயரம் வேண்டும். வட்டக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டவே வேண்டாம். 26 முதல் 28 டிகிரி வெப்பம் இதமானது. நம்மூர் மார்கழி இரவுக்கு ஒரு சின்ன ஹீட்டர் போதும். சித்திரை, வைகாசியில் தொட்டி மாடி அறையில் இருந்தால் கீழே இறக்கிவிடுங்கள். நகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்து, காற்றுக் குமிழி ஓட்டி ஊற்றுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்பேறிய போர் தண்ணீர் உள்ளவர்களுக்கு, பிடித்து வைத்த மழைத் தண்ணீர் கை கொடுக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். ஒரேயடியாக முழுத் தொட்டியையும் கழுவித் துடைப்பவர்கள்தான் அதிகம் மீன் சாகக் கொடுக்கிறார்கள்.

ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்துச் சொல்வது கஷ்டம். அதனால் ஜோடியாக வாங்குவதைவிட, நாணய அளவில் ஆறு குட்டிகளை வாங்கி வளர்ப்பதே வழக்கம். அவை தாமே ஜோடி பார்த்துக்கொள்ளும். (இந்த விஷயத்தில் ஜாதகம் எல்லாம் செல்லாது.) ஜோடி சேர்ந்த இரண்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கும். செங்குத்தான ஓர் இலை, சிலேட்டுத் துண்டு, பிளாஸ்டிக் குழாய் என ஏதாவது ஒன்றை வாயால் சுத்தம் செய்து, வரிசை வரிசையாக முட்டை ஒட்டும். சில நூறு முட்டைகள். அப்பா, அம்மா இரண்டும் முறை வைத்துத் துடுப்பால் விசிறிக்கொண்டே நிற்கும். இரண்டு, இரண்டரை நாளில் பொரித்துவிடும். அதற்கப்புறம் ஐந்து நாள் போல ஆனதும் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அப்போது உயிருள்ள ஆர்ட்டீமியா குஞ்சுகள் கொடுத்தே ஆக வேண்டும், தூள் தீவனத்தில் தேறாது. முதல் இரண்டு மூன்று முறை பெற்றோரே முட்டையைத் தின்றுவிடலாம். மனசு விடாதீர்கள், பழகினால் சரியாகிவிடும்.

பிள்ளை வளர்ப்பதில் இந்தப் பாசம் குடும்ப குணம். ஏஞ்சல் சேர்ந்த சிக்லிட் குடும்பத்தில் நம் நாட்டு மீன்களும் உண்டு. கேரளத்தில் கரிமீன் என்று பொரித்துச் சாப்பிடுகிறார்களே, அது ஏஞ்சலுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் தங்கை போன்ற ஆரஞ்சு குரோமைட் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிமுகங்களில் வாழ்கிறது. அதன் குஞ்சுகள் பெற்றோர் உடம்பில் ஊறும் கோழையைக் கொத்தித் தின்று வளரும். வெளிநாட்டுக்காரர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். நாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கொல்லைப்புறத்திலும் செய்யலாம்

தமிழ்நாட்டில் வண்ண மீன் என்றால் சென்னை கொளத்தூர்தான். வீட்டு மொட்டை மாடி, கொல்லை, சிமெண்ட் தொட்டி என்று தெருத் தெருவாகக் குடும்பத் தொழிலாகச் செய்கிறார்கள். டெல்டாவில் இது இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை. ஆனால் குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவே மேட்டூர் தண்ணீரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் வீடுகளில், நாலு சிமெண்ட் தொட்டி ஒரு துணை வருமானம். 2020ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் செலவுக் கணக்கு வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்கள் மற்றும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவிகிதமும் மானியம் அறிவித்தார்கள். இப்போதைய நிலவரத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சாவூரை ஒட்டிய சூரக்கோட்டையில் தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மீன் வளர்ப்பு மையம் இருக்கிறது. தொட்டி கட்டுவதற்கு முன் ஒருமுறை அங்கே போய்ப் பேசிவிட்டு வருவது நல்லது. எடுத்த எடுப்பில் பிளாட்டினத்தில் கை வைக்காமல், ஒரு மார்பிள் ஜோடியில் தொடங்கினால் நஷ்டம் வந்தாலும் தாங்கும்.

விற்காமல் தங்கும் குஞ்சுகளை என்ன செய்வது? இங்கேதான் பலர் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைப் பார்க்கிறார்கள். "பாவம், உயிரோட இருக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். கல்லணையில் பிரியும் காவிரியும் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும், அவற்றிலிருந்து கிளைக்கும் வாய்க்கால்களுமாக டெல்டா முழுக்க ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடக்கிற தண்ணீர். ஓர் ஊரில் விட்டது அந்த ஊரோடு நிற்காது. தொட்டிப் பாசியைத் தின்னும் என்று 'டேங்க் கிளீனர்' பெயரில் விற்ற சக்கர் மீன் இப்படித்தான் யாரோ இரக்கப்பட்டு விட்டதில் வெளியே வந்தது. இன்று தமிழகத்தின் பல ஏரி குளங்களில் பெருகி, முள் ஓட்டோடு வலையைக் கிழித்து, மீனவர்களுக்குத் தலைவலியாக இருக்கிறது. ஏஞ்சல் அந்த அளவுக்குப் போகும் என்று சொல்லவில்லை. வெள்ளையும் ஆரஞ்சுமாக மின்னும் கோய், வாய்க்காலில் கொக்கின் கண்ணுக்கு ஒரு நாள்கூடத் தப்பாது. ஆனால் தொட்டித் தண்ணீரோடு போகும் நோய்க் கிருமியும் ஒட்டுண்ணியும் நம் கெண்டைக்கும் விராலுக்கும் தொற்றலாம்.

வாங்கிய கடையிலேயே கேளுங்கள். நன்றாக வளர்ந்த சாதாரணத் துடுப்புச் சில்வராக இருந்தாலும், பெரும்பாலான கடைக்காரர்கள் தீவனத்துக்கு மாற்றாகவாவது எடுத்துக்கொள்வார்கள். தெருவில் மீன் வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் நாலு பேராவது இருப்பார்கள். ஒரு பையில் இரண்டு குஞ்சு போட்டுக் கொடுக்கும்போது, "தொட்டி 18 அங்குல உயரம் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.